சேவல் அறுக்காத பாலம்

அய்யாவு கண்ட்ராக்டர் ஆவதற்கு முன்பே கோட்டு தைத்துவிட்டார். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்த விஷயம் அது. தையற்காரன் அளவெடுத்த அன்றே அவர் மனைவி தனலெட்சுமி குழாயடிக்கு வந்து சொல்லிவிட்டாள். செங்கல் சூளைப் புகைக்கு நடுவே, கொளுத்துகிற வெயிலில், அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் ரோட்டு ஆபீஸுக்கு நடந்தபோது, பின்னாலிருந்து பார்த்தவர்கள் யாரோ பாதிரியார் வழி தவறி வந்துவிட்டதாக நினைத்தார்கள். முன்னாலிருந்து பார்த்தால் அய்யாவுதான். மீசை காட்டிக் கொடுத்துவிடும்.

அதுவரை அவர் மண்டோர். சீன முதலாளியான தவுக்கே எடுக்கும் வேலைகளுக்கு ஆள் சேர்த்து, ஆளை விரட்டி, வேலை வாங்கிக் கொடுப்பவர். கல்லைச் சுமந்தது அவருடைய ஆட்கள், சாந்தைக் குழைத்தது அவருடைய ஆட்கள், பெயர் மட்டும் தவுக்கேயுடையது. “பாலத்தக் கட்டுறவன் நானு, தொரைக்கிட்ட கை குடுக்கறவன் அவனா?” என்று கள்ளுக்கடையில் கேட்பார். கேட்டுவிட்டு மறுநாள் விடியலில் தவுக்கே வாசலில் போய் நிற்பார்.

இருபத்தாறாம் வருஷக் கடைசியில் கிள்ளான் ஆறு பெருகி ஊருக்குள் வந்ததே, அந்த வெள்ளம்தான் அவருக்கு வழி திறந்துவிட்டது. எங்களுக்கெல்லாம் பாயும் அரிசியும் போயின. அய்யாவுக்கு மட்டும் யோகம். பாதிப் பாலங்களை ஆறு கொண்டுபோய்விட்டதால், கட்டுவதற்கு இருக்கிற கண்ட்ராக்டர்கள் போதவில்லை. புதுசாகச் சிலரைப் பட்டியலில் சேர்க்கப் போவதாக ஆபீஸில் பேச்சு.

வீட்டில் மூன்று பேர். அய்யாவு, தனலெட்சுமி, அவளுடைய அண்ணன் பக்கிரிசாமி. பிள்ளை குட்டி இல்லை. பக்கிரிசாமி முன்பு அய்யாவுக்குக் கீழே கல் உடைத்தவன். ஒருநாள் பாறை உருண்டு ஒரு கால் நசுங்கியது. அதிலிருந்து தங்கை வீட்டில்தான் சாப்பாடு. பகலில் வாசல் படியில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைக் கிண்டல் செய்வான். சாயங்காலம் கள்ளுக்கடைக்கு நொண்டிக்கொண்டே போய், மண்ணெண்ணெய் டின்னில் தாளம் போட்டு அடுத்தவன் காசில் குடிப்பான். எங்களுக்கெல்லாம் அவனைப் பிடிக்கும். அவனுக்குச் சோறு போடுவது நாங்கள் இல்லையே.

ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர். அவர்தான் அய்யாவை உட்கார வைத்து விவரம் சொன்னார்.

“முதலில நீர் ஒரு வேலை செய்து காட்ட வேணும். சூளைக்குப் போற றோட்டில பாலம் உடைஞ்சு கிடக்குதெல்லோ, அதைக் கட்டும். வைகாசி முடியிறதுக்குள்ள முடிக்க வேணும். துரை வந்து, கல்லை நசுக்கிற றோட்டு எஞ்சினை மேல ஏத்திப் பார்ப்பார். நிண்டால் உம்முடைய பேர் பட்டியலில ஏறும். விழுந்தால் நீரும் அதோட விழுந்தீர்.”

“நிக்கும்ங்க.”

“இன்னொண்டு, காணும். அத்திவாரம் போடேக்க உங்கட ஆக்கள் சேவல் அறுக்கிறவை. அது இந்த முறை கூடாது. போன முறை ஒருத்தன் ரத்தத்தைத் தெளிச்சு, கறியாக்கி, கள்ளும் குடிச்சுப்போட்டு ஆடிக்கொண்டிருக்கேக்க துரை வந்திட்டார். அண்டைக்கே அவன்ர பேரை வெட்டிப்போட்டார்.”

“சேவல் அறுக்காம எப்படிங்க? ஆளுங்க மண்ணுல கைய வைக்க மாட்டானுங்களே.”

“கண்ட்ராக்டர் ஆக வேணுமோ, மண்டோராய் இருக்க வேணுமோ? யோசிச்சுச் சொல்லும்.”

அய்யாவு யோசித்துச் சொல்லவில்லை. அங்கேயே தலையாட்டிவிட்டார்.

பாலம் என்றால் பெரிய பாலம் ஒன்றும் இல்லை. சூளைக்குப் போகும் சடக்குக்குக் குறுக்கே ஓடும் ஓடை, ஆற்றில் போய் விழுவது. அதன்மேல் செங்கல் வளைவு ஒன்று கட்ட வேண்டும். அடியில் பலகை முட்டுக் கொடுத்து, வளைவை ஏற்றி, காய்ந்த பிறகு முட்டுகளை எடுத்துவிட வேண்டும். அய்யாவின் ஆட்களுக்கு அது தூக்கத்தில் வரும் வேலை.

ஆனால் தண்ணீரில் கட்டுகிற எதற்கும் முதல் நாள் ஒரு சேவல் விழ வேண்டும். அது முனியாண்டிக்கு. கறி ஆட்களுக்கு. இரண்டு பேரும் திருப்தியானால்தான் வேலை ஓடும். அன்று குழிக்கரையில் ஒரு தேங்காயும் கொஞ்சம் சூடமும் இரண்டு எலுமிச்சம்பழமும் மட்டும் இருந்தன. ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். சாந்துச் சட்டி தூக்கும் தங்கமணிதான் வாயைத் திறந்தாள். அந்தக் கூட்டத்துக்கு மண்டோர் அய்யாவு என்றாலும் மகாராணி அவள்தான்.

“என்னா மண்டோரே, சேவல் எங்க? கோட்டுப் பையில இருக்கா?”

“சேவல் இல்ல. தேங்காதான்.”

“தேங்காயக் கொழம்பு வைக்கலாம். முனி திங்குமா?”

“இது கவருமெண்டு வேலை. சூடத்தக் கும்புட்டுட்டு எறங்குங்க.”

இறங்கினார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினார்கள். பயம் பாதி, கறி போன வருத்தம் பாதி.

சித்திரை மழை அந்த வாரமே பிடித்துக்கொண்டது. மத்தியானம் வரை வெயில், பிறகு வானம் கறுத்து, சூளைப் புகையை அடித்துத் தரையில் போடுகிற மழை. ஓடைக்கு மேலே போட்டிருந்த மண் அணையை உடைத்துக்கொண்டு தண்ணீர் குழிக்குள் பாய்ந்தது. இறைத்துவிட்டு மறுபடி அணை போட்டார்கள். மறுபடியும் உடைந்தது. நனைந்ததில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். சித்திரையில் மழை பெய்வதும் மழையில் நனைந்தால் காய்ச்சல் வருவதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சேவல் அறுக்காத வருஷத்தில் மழைக்கு அர்த்தம் வேறு.

முதலில் யார் சொன்னார்கள் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. எனக்குக் குழாயடியில் வந்தது. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதற்குள் அது எனக்கு முன்னால் போயிருந்தது. சேவல் என்பது கம்பத்துக் கிராமப் பாலத்துக்கும் தோட்டத்துப் பாலத்துக்கும்தான். துரை வந்து பார்க்கிற பாலத்துக்கு மனிதத் தலை வேண்டும். அதனால்தான் அய்யாவு சேவல் வாங்கவில்லை. தலை ஒன்று தருவதாக ஒப்புக்கொண்டுதான் வேலையையே எடுத்திருக்கிறார்.

மறுநாள் பாதிப்பேர் வரவில்லை. அதற்கு மறுநாள் மீதிப்பேர். லயத்துப் பெண்கள் வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். அய்யாவு மட்டும் கோட்டோடு குழிக்கரையில் நின்று, செம்மண் தண்ணீர் சுழித்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் போன கார்த்திகேசு சைக்கிளை நிறுத்தினார். “என்ன காணும், தனியாகக் கட்டப் போறீரோ? துரை தான் வாற நாளைச் சொல்லிப்போட்டார். இனி மாத்தேலாது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே, கொட்டுகிற மழையில், அய்யாவு ஆட்கள் தங்கியிருந்த கொங்சிக்குப் போனார். சூளைக்குப் பக்கத்தில் அத்தாப்பு ஓலை வேய்ந்த நீளக் கொட்டகை அது. உள்ளே எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். சுட்ட கருவாட்டின் வாசனை. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இந்தப் பேச்சைத் தங்கமணியே என்னிடம் சொன்னாள், ஒன்றுக்கு இரண்டு தடவை.

“சூடம் கொளுத்துனோமே, அது பத்தாதா?” என்றாராம் அய்யாவு.

“சூடத்தச் சாமி பாக்கும். ஓடையில கெடக்குறது முனி, சாமி இல்லையே,” என்றாளாம் தங்கமணி.

“தலையாம் தலை! எவன் சொன்னான்?”

“எல்லாரும் சொல்றாங்க.”

“எல்லாரும்னா யாரு?”

“எல்லாரும்னா எல்லாருந்தான். நீங்க தலைக்கு ஒத்துக்கலன்னா அப்ப ஏன் சேவல் அறுக்கல?”

“கார்த்திகேசுக் கிராணிதான் வேணாம்னாரு. தொரைக்குப் புடிக்காதுன்னாரு.”

தங்கமணி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். “கேட்டுக்கிட்டீங்களா? ஆபீஸ்லயே சேவல் வேணாம்னுட்டாங்களாம்.”

கஞ்சிக் கிண்ணங்கள் கீழே இறங்கின. வதந்தியாக இருந்தது அந்த நிமிஷத்தில் உத்தரவாகிவிட்டது.

“அடப் பாவிகளா, நான் சொல்றது என்னா, நீங்க வெளங்கிக்கிறது என்னா?”

“கோவிச்சுக்காதீங்க மண்டோரே. நாங்க வேலைக்கு வர மாட்டோம்னு சொல்லல. யாரு தலைன்னு சொல்லிருங்க. எங்கள்ல ஒருத்தன் இல்லன்னு தெரிஞ்சா வந்துட்டுப் போறோம். பெறகு எங்களுக்கு என்னா?”

அய்யாவின் கோட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததாம். அவருக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“உங்க தலை ஒண்ணும் எனக்கு வேணாம். எங்க வீட்டுலயே ஒண்ணு சும்மா ஒக்காந்து தின்னுக்கிட்டு இருக்கு. போதுமா?”

எரிச்சலில் சொன்னதுதான். சொல்லிவிட்டு அவர் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார் என்றாள் தங்கமணி. மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும் மெதுவாகக் கேட்டான். “மச்சானா?”

அப்போது ஒரு ‘இல்லை’ போதும். அய்யாவு அந்த ஆட்களின் முகங்களைப் பார்த்தார். பல நாளுக்குப் பிறகு அவற்றில் தெளிவு வந்திருந்தது. ‘இல்லை’யைச் சொல்லாமல் குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் காலை எல்லோரும் வேலைக்கு வந்தார்கள். காய்ச்சல்காரர்கள் உட்பட.

யாரும் போலீஸுக்குப் போகவில்லை. நாங்களும்தான். அய்யாவைப் பற்றி அந்த வாரம் குழாயடியில் நல்ல பேச்சுத்தான் நடந்தது. “என்ன இருந்தாலும் நியாயமான ஆளு. ஊரான் வீட்டுப் பிள்ளை மேல கை வைக்கலையே,” என்றார்கள்.

பக்கிரிசாமிக்கு விஷயம் கள்ளுக்கடையில்தான் தெரிந்தது. வழக்கமாக அவனைக் கண்டால் மடியை இறுக்கிக் கட்டுகிற ஆட்கள் அன்று பெஞ்சில் இடம் விட்டார்கள்.

“வா பக்கிரி, ஒக்காரு. இன்னிக்கு என் செலவு.”

“என்னாடா, ஒம் பொண்டாட்டி ஓடிட்டாளா? இவ்ளோ சந்தோசமா இருக்க.”

“நீ குடி. நல்லாத் தின்னு. ரோட்டு எஞ்சினு கனம் தாங்கணும்ல.”

அவனும் முதலில் ஆட்டம் ஆடினான். “என் தலை காலி டின்னுடா. அத வச்சா பாலம் மெதந்து கிள்ளானுக்கே போயிரும்,” என்று தாளம் போட்டுக் காட்டினான். கடையே சிரித்தது. ஆனால் அடுத்த நாளும் அதே பேச்சு, அடுத்த நாளும் இலவசக் கள்ளு. ஒருவன் அவன் கழுத்தைச் சாண் போட்டுப் பார்த்தான். தாளம் நின்றுவிட்டது.

எங்கள் வீட்டுக்கும் அய்யாவு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். அதில் ஒரு ஓட்டை. மரத்தின் கணு உதிர்ந்து தானாக விழுந்த ஓட்டைதான், யாரும் போட்டதில்லை. வேலை மறுபடி ஓடத் தொடங்கிய சந்தோஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யாவு ஆட்டுக்கறி வாங்கி வந்திருந்தார். அவர் சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போன பிறகு பக்கிரிசாமி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கையை வைக்கவில்லை.

“தனம்.”

“என்னாண்ணே? கறி ஆறுது பாரு.”

“இது எதுக்கு?”

“எதுக்குன்னா? திங்கத்தான்.”

“தீவாளிக்குக்கூட எனக்கு எலும்புதான் வரும். இன்னிக்கு ஈரல் வந்துருக்கு.”

“குடுத்தா சந்தேகம், குடுக்கலன்னா கோவம். ஒன்னய வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?”

“ஊரு பூரா சொல்றாங்களே தனம்.”

“ஊரு சொல்றத நம்புவியா?”

“நம்பல. அதான் ஒன்கிட்ட கேக்குறேன். நீ கொங்சிக்குப் போ. அந்தத் தங்கமணி முன்னால நின்னு, எங்கண்ணன் மேல கைய வச்சா கொன்னுருவேன்னு சத்தமாச் சொல்லு. சொல்லிட்டு வா. நான் ஈரலத் தின்னுர்றேன்.”

தனலெட்சுமி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அய்யாவு அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பலகை மெலிசு, எனக்கும் கேட்டது. ‘தலையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஆனா வெளிய போயி இல்லன்னு சொல்லிராத. சொன்னா நாளைக்கே ஓடிருவானுங்க. வேலை முடியட்டும்.’ அவளுக்கும் ஆசை உண்டு. குழாயடியில் ரயில்வே குவாட்டர்ஸ் பெண்கள் அவள் குடத்தைக் காலால் தள்ளி வைத்துவிட்டுத் தங்கள் குடத்தை வைப்பார்கள். மண்டோர் பெண்சாதிக்கு அவ்வளவுதான் மரியாதை.

“தொரை வந்து பாத்துட்டுப் போயிரட்டும்ணே. அப்புறம் போயி சொல்றேன்.”

“அப்புறம் யாருக்காகச் சொல்லுவ?” என்றான் பக்கிரிசாமி.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோய் வாசல் படியில் உட்கார்ந்தான். அன்று அவன் யாரையும் கிண்டல் செய்யவில்லை. மறுநாள் விடிந்தபோது ஆள் இல்லை.

தனலெட்சுமி ஓடைக்கரை நெடுகத் தேடிக்கொண்டு ஓடினாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. அய்யாவு அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை அந்த வாரத்தோடு ஓய்ந்திருந்தது. ஓடை கணுக்கால் அளவுக்கு வற்றி, நல்ல பிள்ளையாக ஓடியது.

“வாங்கிக்கிச்சு,” என்றாள் தங்கமணி.

அதன் பிறகு வேலை நடந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தவுக்கேயின் ஆட்களே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வளைவு ஏறிக்கொண்டே வந்து உச்சிக்கல்லும் உட்கார்ந்துவிட்டது. அய்யாவு, மச்சான் எங்கேயாவது குடித்துவிட்டுக் கிடப்பான், வந்துவிடுவான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியில் எதுவும் சொல்லவில்லை.

செங்கல் லோரி ஓட்டும் அம்புரோஸ் ஒருநாள் மத்தியானம் எங்கள் லயத்துக்கு வந்து தனலெட்சுமியைக் கூப்பிட்டான். கோயிலுக்கு ஒழுங்காகப் போகிற பையன், பொய் சொல்லத் தெரியாது.

“அக்கா, ஒங்கண்ணன காஜாங் பாசார்ல பாத்தேன். மீன் கூடை தூக்குறாரு. அண்ணேன்னு கூப்புட்டேன், கூடையப் போட்டுட்டு நொண்டிக்கிட்டே ஓடுறாரு. நான் என்னா முனியா?”

தனலெட்சுமி அங்கேயே தரையில் உட்கார்ந்து மாரியம்மனைக் கூப்பிட்டு அழுதாள். அய்யாவு உள்ளேயிருந்து வந்தார். அம்புரோஸின் தோளில் கை போட்டு வேலிப்பக்கம் கூட்டிப்போனார். எங்கள் வீட்டு வேலியும் அதுதான்.

“நீ பாத்தது வேற ஆளு.”

“இல்லண்ணே, அதே காலு, அதே மூஞ்சி...”

“வேற ஆளு. ஒனக்குச் செங்கல் ஏத்துற வேலை வேணுமா, வேணாமா?”

“வேற ஆளா இருக்கும்ணே,” என்றான் அம்புரோஸ்.

அதோடு போயிருந்தால்கூடச் சரி. வளைவு காய்ந்து, அடியில் இருந்த பலகை முட்டுகளை எடுக்க வேண்டிய நாள் வந்தது. ஒருவரும் பாலத்தடியில் இறங்க மாட்டேன் என்றார்கள். தங்கமணி நேரே வீட்டுக்கு வந்தாள்.

“செத்தவன் பட்டினியா பாலத்தடியில ஒக்காந்திருக்கான். நாங்க எப்படி எறங்குறது? கருமாதி பண்ணி, எல போட்டு, அனுப்பி வைங்க.”

“பண்ணிரலாம்,” என்றார் அய்யாவு.

அவள் போன பிறகு பலகைக்கு அந்தப்பக்கம் சத்தம் எழுந்தது.

“உசுரோட இருக்கறவனுக்கு எள்ளுந் தண்ணியும் எறைக்கவா? என் கையால நான் எல போடவா?”

“ஒரு வேளைச் சடங்கு தனம். தொரை பாத்துட்டுப் போனதும் நானே காஜாங் போயி மச்சானக் கூட்டியாறேன்.”

“கூட்டியாந்தா இவங்க என்னா சொல்லுவாங்க?”

“குழாயடியில எல்லாத்துக்கும் முன்னால ஒங் கொடத்த வைக்கணும்னு நீதான சொன்ன?” என்றார்.

கருமாதியை ஓடைக்கரையிலேயே செய்தார்கள். மச்சான்காரன் செய்கிற முறை கிடையாது. ஆனாலும் வேறு ஆள் இல்லாததால் அய்யாவு செய்தார். அந்த மீசையும் போயிற்று. இலை நிறையச் சோறு, கருவாட்டுக் குழம்பு, ஒரு கிண்ணம் கள்ளு. காஜாங்கில் அண்ணன் நன்றாக இருக்கிறான் என்று தெரிந்திருந்தும் தனலெட்சுமி வைத்த ஒப்பாரியைப் போல நான் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். காக்கா உடனே வந்து சோற்றைக் கொத்தியது. ஆட்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பாலத்தடியில் இறங்கி முட்டுகளை எடுத்தார்கள். வளைவு ஒரு மணல்கூட உதிராமல் நின்றது.

துரை வந்த அன்று சூளைச் சடக்கே திருவிழா. ரயில்வே குவாட்டர்ஸ் பெண்கள்கூடக் குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். தனலெட்சுமி புதுப்புடவையில். அய்யாவு கோட்டில். துரை அரைக்கால் சட்டையோடு இறங்கி, சின்னச் சுத்தியலால் செங்கல்லைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். திருப்தி. ரோட்டு எஞ்சின் பாலத்துக்கு அந்தப்பக்கம் புகைவிட்டுக்கொண்டு காத்திருந்தது. எஞ்சின் மேலே ஏறும்போது வளைவுக்கு அடியில் ஆட்கள் நின்று விரிசல் விழுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் பரீட்சை. மூன்று நான்கு பேர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடையில் காலை வைத்தார்கள்.

அப்போதுதான் எஞ்சினுக்குப் பின்னாலிருந்து பக்கிரிசாமி நொண்டிக்கொண்டே வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். கையில் இலையில் சுற்றிய பெரிய மீன் ஒன்று.

“தனம்! பாலம் முடிஞ்சிருச்சுன்னு கேள்விப்பட்டேன்,” என்று தூரத்திலிருந்தே சிரித்தான். “இனிமே யாரு தலையும் வேணாம்ல?”

ஓடையில் இறங்கிய கால்கள் கரைக்கு ஏறின. ஒருவன் கும்பிட்டான். ஒருவன், “அப்ப இது ஒண்ணுமே வாங்கலையா?” என்று கேட்டான். எல்லோரும் பாலத்தை விட்டுப் பின்வாங்கினார்கள். துரை சுத்தியலைத் தாழ்த்திக் கார்த்திகேசுவிடம் என்னவோ கேட்டார்.

“ஆர் இந்த ஆள் எண்டு துரை கேக்கிறார். ஏன் வேலை நிக்குது?”

அய்யாவு மனைவியைப் பார்த்தார். ஆட்களும் அவளைத்தான் பார்த்தார்கள்.

தனலெட்சுமி இரண்டடி முன்னால் வந்தாள்.

“யாருன்னு தெரியலீங்க. எங்கண்ணன் மாதிரி இருக்கான். எங்கண்ணன் செத்துட்டாரு. கருமாதி முடிச்சாச்சு. இவங்க எல்லாரும் வந்து சாப்புட்டாங்க, கேட்டுப் பாருங்க.”

“தனம், நான்தான். ஒனக்குப் புடிக்குமேன்னு மீனு கொண்டாந்திருக்கேன் பாரு.”

தங்கமணி அவனைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள். அவள் கல்யாணத்துக்கு டின் அடித்தவனே அவன்தான். ஆனால் அவனை ஆள் என்று சொன்னால் பாலம் கடன்பட்டதாகிவிடும். அந்தக் கடனுக்கு யார் என்கிற கேள்வி மறுபடி கொங்சிக்கே வரும்.

“செத்தவன் மூஞ்சியப் போட்டுக்கிட்டு வந்திருக்கு,” என்றாள். “பகல்லயே வருதுன்னா எவ்வளவு தைரியம் பாரு. அடிங்கடா.”

கட்டட வேலை நடக்கிற இடத்தில் உடைந்த செங்கல்லுக்குப் பஞ்சமா? முதல் துண்டு அவன் மார்பில் பட்டது. அடுத்தது நசுங்கிய காலில். அவன் ஓடவில்லை. எறிகிறவர்களையும் பார்க்கவில்லை. மீனைப் பிடித்துக்கொண்டு தங்கையைப் பார்த்தபடி நின்றான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடும் என்பதுபோல. ஆட்களும் கையை ஓங்கியபடி அவளைப் பார்த்தார்கள்.

தனலெட்சுமி குனிந்து ஒரு செங்கல் துண்டை எடுத்தாள். எறிந்தாள்.

அது ஓடையில் விழுந்தது. வேண்டுமென்றே குறி தவறவிட்டாள் என்று சில பேர் சொல்கிறார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்படிச் சொல்ல மாட்டேன்.

பக்கிரிசாமி மீனைப் புல்லில் வைத்தான். வைத்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனான். அவசரப்படக்கூட இல்லை. துரை மறுபடி கேட்டதற்கு, “பைத்தியக்காரன்,” என்று சொல்லிவிட்டார் கார்த்திகேசு. ஆட்கள் ஓடையில் இறங்கி வளைவுக்கு அடியில் நின்றார்கள். எஞ்சின் ஏறியது, நடுவில் நின்றது, இறங்கியது. விரிசல் இல்லை. துரை அய்யாவுக்குக் கை கொடுத்தார்.

அவர் பெயர் பட்டியலில் ஏறியது. குழாயடியில் இப்போது தனலெட்சுமி வந்தால் ரயில்வே குவாட்டர்ஸ்காரிகள் குடத்தை நகர்த்திக்கொள்கிறார்கள். ‘கண்ட்ராக்டரம்மா’ என்கிறார்கள். யாரும் அவளோடு நின்று பேசுவதில்லை, அது வேறு விஷயம். பக்கிரிசாமி காஜாங்கிலும் இல்லை என்று அம்புரோஸ் சொன்னான். செமினிப் பக்கம் நொண்டி ஒருவனைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். தனலெட்சுமி மேற்கொண்டு கேட்கவில்லை.

ஐப்பசியில் பெரிய வேலை வந்தது. பூச்சோங் பக்கம், ஓடை இல்லை, ஆறு. அய்யாவு ஆட்களைத் தேடிப் போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர்களே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முன்னறை கொள்ளாமல் வாசலிலும் நின்றார்கள். தங்கமணி பாயில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டாள். நான் சீனி கடன் கேட்கப் போனவள், அப்படியே நின்றுவிட்டேன்.

“நாளைக்கே கெளம்பிருவோம் கண்ட்ராக்டரே. ஒண்ணு மட்டும் கேட்டுக்கணும்,” என்றாள் தங்கமணி. முன்போல அதட்டல் இல்லை, நல்ல மரியாதையோடு கேட்டாள். “இந்தத் தடவ யாருங்க?”

அய்யாவு சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார்.

“இந்தத் தடவ தொரை வந்தாலும் பரவால்ல, சேவலே அறுத்துருவோம். ரெண்டா அறுப்போம்.”

“சேவலு சின்ன வேலைக்குங்க. இது ஆறு. ஒங்களுக்குத் தெரியாததா? யாருன்னு சொல்லிட்டீங்கன்னா நாங்க பாட்டுக்கு எங்க வேலையப் பாப்போம்.”

தனலெட்சுமி எல்லோருக்கும் காபி எடுத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். அந்த வீட்டில் இப்போது இரண்டே பேர்தான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆட்கள் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். தங்கமணி நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.

“ஒக்காருங்கம்மா. நீங்க எதுக்கு நிக்கிறீங்க?”

தனலெட்சுமி உட்காரவில்லை. தட்டைப் பிடித்தபடி புருஷனைப் பார்த்தாள். அய்யாவு அவளைப் பார்த்தார். பிறகு ஆட்களைப் பார்த்தார். நல்ல ஆட்கள், சொன்ன நாளுக்கு முடித்துக் கொடுக்கிறவர்கள்.

“பாப்போம்,” என்றார்.